ஆண்டறிக்கையின் ஏழாம் பக்கம்

வானகரம்,
மார்ச் 3, திங்கட்கிழமை.

அன்புமிக்க ஜப்பார் பாய் அவர்களுக்கு,

கிருபாகரன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும் சரசாவும் நலம். தோஹாவில் மகள் தஸ்லீம் வீட்டில் நீங்களும், அஷ்ரஃபுன்னிசா அம்மாவும், தஸ்லீமும், குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நோன்பு ஆரம்பித்துவிட்டதே, உடம்பில் சர்க்கரையை வைத்துக்கொண்டு இந்த வருடமும் முழு மாதமும் பிடிப்பேன் என்று அடம் பண்ணுகிறீர்களா? பண்ணுவீர்கள். உங்களுக்கு யார் சொல்லி என்ன ஆகப்போகிறது.

போன் இருக்கும்போது இந்த ஆள் எதற்குப் பேனாவைத் தூக்கினார் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். உங்கள் தங்கை மகன் யூசுப் வியாழக்கிழமை விமானம் ஏறுகிறார். கஞ்சிக்கு நொய்யரிசி வேண்டும் என்று அம்மா கேட்டிருந்தார்களாம். அந்தப் பையிலேயே இந்த உறையையும் வைத்துவிடும்படி சொல்லியிருக்கிறேன். அரிசியை எடுத்துக்கொண்டு கடிதத்தை ஓரமாகப் போட்டுவிடாதீர்கள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். துணைவேந்தர் என்று பேர்தானே ஒழிய, நான்கு வருடமாகக் கையெழுத்துப் போடுவதைத் தவிர என் கை வேறு எதையும் எழுதியதில்லை.

நீங்கள் பதிவாளர் நாற்காலியை விட்டு எழுந்துபோய் ஒன்பது மாதம் ஆகிறது. உங்கள் இடத்துக்கு வந்த தமிழரசு கெட்டிக்காரர். எல்லாக் கோப்பும் கணினியில், எல்லாச் சுற்றறிக்கையும் ஒரு நிமிடத்தில். நீங்கள் பிளாஸ்டிக் உறை போட்டு அடுக்கிவைத்திருந்த பழைய சுற்றறிக்கைகளைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் எதற்கு சார் என்று கேட்டார். பதிவாளர் பதவியின் புனிதச் சின்னங்கள், தொடாதீர்கள் என்றேன். சிரித்தார். ஆனாலும் ஒன்றை அவரிடம் நான் சொல்லத் தவறிவிட்டேன். உங்கள் மழைச் சட்டத்தைச் சொல்லவில்லை.

அது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத சட்டம். நம் வளாகத்தின் நடுவே மாவட்ட எல்லை ஓடுவது வெளியாட்களுக்கு வேடிக்கை, நமக்குத் தலைவலி. முன்வாசலும் அலுவலகமும் திருவள்ளூர் மாவட்டம். விடுதியும் ஆய்வகங்களும் காஞ்சிபுரம் மாவட்டம். மழைக்காலத்தில் ஒரு கலெக்டர் லீவு விடுவார், இன்னொருவர் விட மாட்டார். எது நமக்குப் பொருந்தும் என்று பேராசிரியர்கள் ஆளுக்கொரு பக்கம் வாதாடுவார்கள். நீங்கள் ஒரே வரியில் முடிப்பீர்கள்: ரெண்டுல எந்த மாவட்டம் லீவு விட்டாலும் நமக்கு லீவு சார். அதற்கும் மேலாக, ஐந்தரை மணிக்கே போக்குவரத்து அலுவலர் பூபாலன் பைக்கில் போய் நம் பின்சாலைத் தரைப்பாலத்தைப் பார்த்துவிட்டு உங்களுக்குப் போன் பண்ணுவான். தண்ணீர் பாலத்தின் மேல் ஏறியிருந்தால், இரண்டு மாவட்டமும் லீவு விடாவிட்டாலும் நீங்கள் விடுவீர்கள். நான் எழுந்து காபி குடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பதினெட்டு வருடத்தில் ஒரு பேருந்து அந்தத் தண்ணீரில் இறங்கியதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வருகிற பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை, பட்டமளிப்பு விழா. வழக்கம்போல் துணைவேந்தர் ஆண்டறிக்கை வாசிக்க வேண்டும். வேந்தரின் மகன் அலுவலகத்திலிருந்து வெள்ளிக்கிழமை வரைவு வந்தது. பதினொரு பக்கம். புதிய படிப்புகள், ஆய்வுக் கட்டுரைகள், வளாக நேர்காணலில் வேலை கிடைத்தவர்கள், தர மதிப்பீட்டில் நமக்குக் கிடைத்த உயர்ந்த நிலை. படிக்கப் படிக்க இது நம் பல்கலைக்கழகம்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஏழாம் பக்கத்தில் ஒரு வாக்கியம். அதை அப்படியே எழுதுகிறேன்: "வடகிழக்குப் பருவமழையின்போது போக்குவரத்துப் பிரிவின் கவனக்குறைவால் நேர்ந்த சிறு அசம்பாவிதத்தை நிர்வாகம் திறம்படக் கையாண்டது."

அதை மூன்றாயிரம் பேர் முன்னால் நான் வாசிக்க வேண்டும். பதினேழாம் தேதி விசாரணைக் குழு கடைசியாகக் கூடுகிறது. சபையில் துணைவேந்தரே போக்குவரத்துப் பிரிவின் தவறு என்று சொன்ன பிறகு குழுவுக்கு வேறென்ன வேலை? நான்கு மாதமாகத் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கும் பூபாலன் நிரந்தரமாகப் போய்விடுவான். ஐம்பத்திரண்டு வயதில், மாணவர்களை வெள்ளத்தில் இறக்கியவன் என்ற பேரோடு. வேறு எந்தக் கல்லூரி அவனை வாசலில் நிறுத்தும்?

நவம்பர் மாதத்து அந்தக் காலையில் நடந்தது உங்களுக்குப் பாதி தெரியும். மீதியையும் சொல்லிவிடுகிறேன். தர மதிப்பீட்டுக் குழு வளாகத்தைப் பார்வையிட வந்த இரண்டாம் நாள். முதல் நாள் நன்றாகப் போனது. வகுப்பறைகளைப் பார்ப்பது இந்த இரண்டாம் நாளில்தான். இரவு முழுக்க மழை. காலையில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் பள்ளி, கல்லூரி எல்லாவற்றுக்கும் லீவு என்று செய்தி. திருவள்ளூரில் பள்ளிகளுக்கு மட்டும். தமிழரசு போன் பண்ணி என்ன செய்யலாம் என்று கேட்டார். நம் கடிதத்தாளில் எந்த மாவட்டம் அச்சாகியிருக்கிறதோ அதுதான் நம் மாவட்டம் என்று நான் சொன்னேன். வக்கீல் மாதிரி சொன்னேன், பாய். சொல்லும்போது எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

ஐந்தே முக்காலுக்குப் பூபாலன் கூப்பிட்டான். அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சார், தரைப்பாலத்துல தண்ணி ஏறிக்கினே கீது. வண்டி உடலாமா வாணாமா, நீங்களே சொல்லுங்க." காலி பெஞ்சுகளைக் குழு பார்த்தால் என்ன ஆகும் என்பது ஒன்றுதான் என் புத்தியில் இருந்தது. மெதுவாக வரச் சொல்லு, வண்டியை எடு என்றேன். சரசா காபி டம்ளரோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இன்றுவரை அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. மழை தூறினால் போதும், என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

பழக்க தோஷம், பூபாலன் உங்களுக்கும் கூப்பிட்டிருக்கிறான். அங்கே உங்களுக்கு விடியாத மூன்றரை மணி. நீங்கள் எழுந்து எனக்குச் செய்தி அனுப்பினீர்கள். "சார், பூபாலன் இப்பதான் பேசினான். தரைப்பாலத்துல முட்டிக்கு மேல தண்ணியாம். பஸ்ஸ விடாதீங்க. லீவு விட்டுடுங்க." நான் பதில் போட்டேன்: "குழு வருகிறது பாய். வகுப்பு காலியாக இருக்கக் கூடாது. வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டேன்." இதைவிடத் தெளிவாக ஒருவன் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள முடியாது.

ஆவடியிலிருந்து பாரிவாக்கம் வழியாக வரும் பதினான்காம் நம்பர் பேருந்து ஏழே முக்காலுக்குத் தரைப்பாலத்தில் நின்றுவிட்டது. தண்ணீர் படி ஏறி உள்ளே வர ஆரம்பித்ததும் பிள்ளைகள் பயந்து இறங்கிவிட்டார்கள். தாட்சாயிணி என்ற இரண்டாம் ஆண்டு மாணவி, தேசிய மாணவர் படையில் இருப்பவள், எல்லோரையும் கைகோத்துக்கொள்ளச் சொல்லி மேட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். ஒன்பது பேரைச் சேர்த்துவிட்டு மீதிப் பேருக்காகத் திரும்பினாள். பாலத்தின் ஓரத்துப் பலகைக்கல் பெயர்ந்திருந்தது தண்ணீருக்குள் அவளுக்குத் தெரியவில்லை. கால் அதற்குள் மாட்டிக்கொண்டது. பைக்கில் பின்னாலேயே வந்த பூபாலன்தான் குதித்து, கழுத்தளவுத் தண்ணீரில் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றான், ஓட்டுநர் கல்லைப் புரட்டும் வரைக்கும். வலது கால் இரண்டு இடத்தில் முறிவு, அழுக்குத் தண்ணீர் பட்டுப் புண் சீழ் பிடித்து, மூன்று அறுவை சிகிச்சை. ஜனவரியில் தில்லி அணிவகுப்புக்குத் தேர்வாகியிருந்தவள், பாய். படித்து முடித்துப் போலீசில் சேர வேண்டும் என்று தினமும் நம் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவள்.

மதிப்பீட்டுக் குழு பதினொரு மணிக்கு நெடுஞ்சாலை வழியாக, சக்கரம்கூட நனையாமல் வந்து சேர்ந்தது. வகுப்பறைகளைப் பார்த்தார்கள். நிறைந்திருந்தன. மகிழ்ச்சி தெரிவித்தார்கள். டிசம்பரில் முடிவு வந்தபோது கேக் வெட்டினோம். வாசலில் கட்டிய பேனர் இன்னும் தொங்குகிறது, அதில் என் படம் பெரிதாக இருக்கிறது. தினமும் அதன் கீழேதான் என் கார் நுழைகிறது.

இதெல்லாம் புத்தி பிசகு என்று வைத்துக்கொள்ளலாம். மனுஷன் தப்பு செய்வான். அதற்குப் பிறகு நான் செய்ததை எந்தக் கணக்கில் வைப்பது என்றுதான் தெரியவில்லை. விசாரணைக் குழு முதல் தடவை கூடியபோது, துணைவேந்தரைக் கேட்டுத்தான் வண்டியை எடுத்தேன் என்று பூபாலன் சொன்னான். குழுத் தலைவர் என்னைப் பார்த்தார். அவன் கூப்பிட்டது போனில் பதிவாகியிருந்தது, ஆனால் பேசியது எங்கும் இல்லை. காலையில் பல அழைப்புகள் வந்தன, அவர் குறிப்பாக என்ன கேட்டார் என்பது நினைவில்லை என்றேன். நினைவில்லை! பதினாறு வயதில் பரீட்சைக்குப் படித்த சூத்திரம் இன்றும் நினைவிருக்கிறது என்று வகுப்புக்கு வகுப்பு பீற்றிக்கொண்ட வாத்தியார் நான். பூபாலன் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். ஏன் சொன்னேன் என்று கேட்பீர்கள். ஜூனில் என் பதவிக்காலம் முடிகிறது. நீட்டிப்பு வேந்தர் கையில் இருக்கிறது. அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

போன மாதம் பூபாலன் வீட்டுக்கு வந்தான். சண்டை போடுவான் என்று நினைத்தேன். சண்டை போடவில்லை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவும் இல்லை. "சார், வேலை போனா போவுது. புள்ளைங்கள தண்ணில தள்ளினவன்னு சொல்றாங்க பாருங்க, அத்தான் தாங்க முடில" என்றான். சரசா உள்ளிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை என்று வாசலில் நின்று ஒருமுறை சொன்னான். அதற்கு அவன் ஓர் அறை விட்டிருக்கலாம்.

அந்தப் பெண்ணையும் பார்த்துவிட்டு வந்தேன். ஆவடியில் இரண்டாம் மாடி வீடு. அம்மா தையல்காரர், கதவுக்குப் பக்கத்திலேயே மெஷின். துணைவேந்தரே வந்துவிட்டாரே என்று அந்த அம்மாளுக்குக் கை கால் ஓடவில்லை. காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள், ஊன்றுகோலில் நடக்கிறாள், ஓடுவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள். எல்லாம் பேசி முடித்து நான் எழுந்தபோது, கோபமே இல்லாமல், சந்தேகம் கேட்கிற மாணவி மாதிரிக் கேட்டாள். "அன்னிக்கி ஏன் சார் லீவு விடல?" கலெக்டர் உத்தரவு வரவில்லையம்மா என்றேன். சரி சார் என்று தலையாட்டினாள். நம்பிவிட்டாள், பாய். நான் படியிறங்கும்போது அவள் அம்மா, பார்த்துப் போங்க சார், படி வழுக்கும் என்று மேலிருந்து சொன்னார்.

விழாவில் அவளுக்கு வீரத்துக்கான விருது உண்டு. முதல் வரிசையில் உட்காரவைக்கப் போகிறார்கள். நான் ஏழாம் பக்கத்தை வாசித்து முடித்ததும் அவள் ஊன்றுகோலோடு மேடையேறி, என் கையால் அதை வாங்க வேண்டும். இதை யோசித்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். போன வாரம் போனில் பேசியபோது, நான் எதுவும் கேட்காமலே நீங்கள் ஒன்று சொன்னீர்கள். பழைய போன் கெட்டுவிட்டது சார், புது போன் வாங்கிவிட்டேன், பழைய மெசேஜ் எதுவும் இல்லை, நீங்கள் கவலைப்படாதீர்கள் என்று. ஜப்பார் பாய், வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போட்ட மொட்டைப் பென்சிலைக்கூடத் தூக்கிப் போடாத மனுஷன் நீங்கள். உங்கள் போன் கெடுமா? கெட்டாலும் நீங்கள் விடுவீர்களா? நோன்பில் பொய் சொல்லக் கூடாது என்று, அது தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் அந்தப் பொய்யை அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டீர்கள், அவ்வளவுதான். எனக்குப் புரிந்தது. நான் கையெழுத்துப் போட்ட தப்பான ஆணைகளை எத்தனை தடவை உங்கள் பிரிவின் தட்டச்சுப் பிழை என்று சொல்லி உங்கள் மேல் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வேந்தரிடம் எனக்காக எத்தனை தடவை திட்டு வாங்கியிருக்கிறீர்கள். இதையும் அப்படியே விழுங்கிவிடலாம் என்று நினைத்தீர்கள்.

நீங்கள் அதைச் சொன்னபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? சரி பாய் என்றேன். போனை வைத்துவிட்டு நன்றாகச் சாப்பிட்டேன். அன்று மத்தியானம் தூங்கக்கூடத் தூங்கினேன். விழித்ததும்தான் என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. இந்தத் தடவை உங்கள் பிரிவு இல்லை, பாய், பிழையை ஏற்றுக்கொள்ள. நீங்கள் விழுங்கினால் அது பூபாலன் தொண்டையில்தான் சிக்கும்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். அந்தச் செய்தி என் போனில் இல்லை. பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தி வந்தது ஒன்பது மணிக்கு. பதினொரு மணிக்கு மதிப்பீட்டுக் குழுவுக்கு மாலை போட்டேன். நடுவில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, உங்கள் செய்தியையும் என் பதிலையும் அழித்தேன். அவள் பிழைப்பாளா என்று தெரியாத நேரத்தில் நான் செய்த காரியம் அது. அதனால்தான் போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேன். இதை நான் அழிக்க முடியாது. பேனா மையில், என் கையெழுத்தில், தேதி போட்டு உங்கள் கையில் இருக்கும்.

ஏழாம் பக்கத்தை வெட்டிவிட்டு வேறு எழுதி வைத்திருக்கிறேன். நான்கே வரி. அன்று லீவு விடாதது என் முடிவு, வண்டியை எடுக்கச் சொன்னது நான், பூபாலன் எச்சரித்தார், விசாரணையில் நான் சொன்னது பொய். நேற்று அறையில் தனியாக வாசித்துப் பார்த்தேன். மூன்றாவது வரியோடு நிறுத்திவிட்டேன். தனியாக இருக்கும்போதே இப்படியென்றால், முன்னால் வேந்தரும் பின்னால் விருந்தினரும் உட்கார்ந்திருக்கும்போது எப்படியோ. எனக்கு என் மேல் நம்பிக்கை இல்லை, பாய். உங்கள் மேல்தான் இருக்கிறது.

அதனால் ஒரே ஒரு உதவி. விழா நமக்குக் காலை பதினொரு மணி, உங்களுக்கு எட்டரை. நம் நேரப்படி பன்னிரண்டரைக்குள் அறிக்கை முடிந்துவிடும். நான் அந்த நான்கு வரியை வாசித்திருந்தால், பூபாலன் மண்டபத்துக்கு வெளியே ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு உங்களுக்குப் போன் பண்ணுவான். வெளியே வந்து நில், அறிக்கை முடிந்ததும் ஜப்பார் பாயிடம் ஒரு வார்த்தை பேசு என்று மட்டும்தான் அவனிடம் சொல்லப்போகிறேன். அவன் குரலிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். அவன் குரல் செத்திருந்தாலும் சரி, போனே வராவிட்டாலும் சரி, நான் பயந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செய்தியையும் என் பதிலையும், இந்தக் கடிதத்தையும் படம் எடுத்து விசாரணைக் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். என்னை ஒரு வார்த்தை கேட்காதீர்கள். கேட்டால் நான் காலில் விழுந்தாவது தடுப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

உங்களுக்கு இது கஷ்டம் என்றும் தெரியும். இத்தனை வருடம் என்னைக் காப்பாற்றியே பழகிவிட்டீர்கள். இதுவும் அதுதான் என்று நினைத்துச் செய்யுங்கள்.

அம்மாவுக்கு என் வணக்கம். தஸ்லீமின் குழந்தைகளுக்கு ஆசிகள். மாத்திரையை விடிகாலை சஹர் சாப்பாட்டுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், மறக்காதீர்கள். மாலையில் நோன்பு திறக்கும்போது கேட்கும் துவா வீண் போகாது என்று நீங்கள்தான் சொல்வீர்கள். அந்த நேரத்தில் தாட்சாயிணி மறுபடி ஓட வேண்டும் என்று கேளுங்கள். பூபாலனுக்காகக் கேளுங்கள். எனக்காகக் கேட்டால், எனக்கு மன்னிப்பு கேட்காதீர்கள், அதை நான் அந்தப் பிள்ளையிடம் கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை காலை ஒரு அரைமணி நேரத்துக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் தைரியம் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

என்றும் உங்களுக்குக் கடன்பட்ட,
கிருபாகரன்